பாதிக் கிண்ணம்

மகாராணியின் கிண்ணத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அவளைப் புதைத்தாகிவிட்டது. எனக்குக் கோபம் மட்டும் தீரவில்லை.

ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தொடவிட்டதில்லை.

எங்கள் விலங்குக் காப்பகத்தில் கடிக்கிற நாய்கூட என்னைக் கண்டால் வாலாட்டும். இவள் மட்டும் பின்சுவரைவிட்டு உள்ளே வராத, ஆளுக்குப் பழகாத தெருப் பூனை. சாம்பல் நிறம். கருத்தடை செய்த பூனைகளுக்கெல்லாம் எங்கள் மருத்துவர் வெட்டிவிடுவதுபோல இடது காதில் நுனி இருக்காது. நான் பத்தடி தள்ளிப் போனால்தான் சாப்பிடவே இறங்குவாள்.

இறங்கினாலும் ஒழுங்காகத் தின்பாளா? சரியாகப் பாதி. மீதியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரேறிப் போய்விடுவாள்.

தீனி கிடந்தால் எலி வரும், உடனே எடுத்துவிட வேண்டும் என்பது காப்பகத்து விதி. மீதியைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிவிடுவேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வருவாள். ஒன்றுமே தின்னாதவள் மாதிரி வெறுந்தரையை மோப்பம் பிடித்துக் கத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வச்சப்போ திங்க வலிச்சுது, இப்ப என்ன வேணுமாம்?" என்று துடைப்பத்தை ஓங்குவேன்.

அதற்கும் பழி வாங்குவாள். மறுநாள் காலையில் குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடக்கும்.

காலையில் குழி தோண்டிய, எங்கள் காப்பக வண்டி ஓட்டுகிற தம்பி, "அக்கா, இனி யாரைத் திட்டப் போறீங்க?" என்றான். அவன்மேலும் எரிந்து விழுந்தேன். ஏழு வருடம் சோறு போட்டவளுக்கு ஒரே ஒரு தடவை தலையைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கைப்பழக்கம் விடவில்லை. தேய்த்த கிண்ணத்தில் தீனியைப் போட்டு வழக்கமான இடத்தில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. என்னை நானே திட்டிக்கொண்டு எடுக்கக் குனிந்தேன்.

சுவர்மேல் ஏதோ அசைந்தது.

சாம்பல் நிறம். நுனி இல்லாத இடது காது. ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம்; காலையில் புதைத்த உடம்பு அப்படி இல்லை.

பத்தடி தள்ளிப் போய் நின்றேன்.

இறங்கி வந்தாள். அவ்வளவு பசியிலும் சரியாகப் பாதியில் நிறுத்தினாள். விலகி உட்கார்ந்து, யாரோ வர வேண்டியிருப்பதுபோலச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் கிண்ணத்தை எடுக்கவில்லை.