இந்த வாரம் மேகமூட்டம்

"...கிழக்கு மாகாணத்தில் இந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் வானம் மேகமூட்டமாகக் காணப்படும். சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்..."

வானொலி சொல்லி முடிப்பதற்குள் தையற்காரர் ஷரிபுதீன் இரண்டு கைகளையும் ஏந்தினார். "அல்ஹம்துலில்லாஹ்!"

பக்கத்துச் சோடாக் கடை நேசரட்ணம் எட்டிப் பார்த்தார். "என்ன ஷரிபுதீன்? இண்டைக்கு வானம் வெளிக்கோணும் எண்டு கல்முனையே காத்து நிக்குது. நீர் மேகத்துக்கு நன்றி சொல்றீர். வயல் கியல் விதைச்சிரிக்கோ?"

"ஓம். இந்தா, இதுதான் என்ட வயல்." மெசினுக்குப் பின்னால் இடுப்பளவு குவிந்து கிடந்த துணியைக் காட்டினார் ஷரிபுதீன்.

அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தென்பட்டால் விடிந்ததும் பெருநாள். தென்படாவிட்டால் இன்னுமொரு நோன்பு, தைக்க இன்னுமொரு பகல். ஊரடங்குச் சட்டம் அந்த மாதத்தில் விழுங்கிய நாட்களையெல்லாம் அவர் அந்த ஒரு பகலில்தான் பிடித்தாக வேண்டும்.

"ஏன் மச்சான், ஒரு துண்டு மேகத்தத் தச்சு வானத்துல மாட்டிட்டா என்ன?"

மூலையில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்த காலிதீன்தான் கேட்டான். மனைவியின் தம்பி. விளக்கில்லாத மூலையிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோப்பவன். வாய்தான் சும்மா கிடக்காது.

"வாயத் தைக்கட்டா முதல்ல?" என்று ஷரிபுதீன் எழும்பி, வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழும்பினார்.

அப்போதுதான் சபியா உம்மா வந்தார். சூறாவளியில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"தம்பி, என்ட புள்ளைகள்ற உடுப்பு?"

"பெருநாளுக்கு முந்தித் தருவன் ராத்தா."

"போன வருசமும் பழசத்தான் உடுத்திட்டுத் தொழப் போனதுகள். இந்த முறை தருவன் எண்டு சொல்லிட்டன். வல்லாஹி எண்டு சொல்லுங்க, நான் போறன்."

கத்தரிக்கோல் நின்றது. ஷரிபுதீன் எச்சில் விழுங்காமல் சொன்னார்: "வல்லாஹி."

சபியா உம்மா தெருமுனை திரும்பியதும் காலிதீன் பொத்தானைக் கீழே போட்டான். "அந்தத் துணிய இன்னும் வெட்டவேயில்லயே மச்சான். அல்லாட பேர்ல சத்தியம் பண்ணிட்டீங்களே!"

"மேகம் இரிக்கி," என்றார் ஷரிபுதீன்.

மாலையில் நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் வரம்பெல்லாம் ஆட்கள். மேற்கே வானம் சாம்பல் பூசிய சுவராக நின்றது. பள்ளியில் பாங்கு கேட்டது, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதும் தூறல் விழுந்தது. ஆட்கள் தலையைப் பொத்திக்கொண்டு றோட்டுக்கு ஓடினார்கள்.

ஷரிபுதீன் கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியால் துடைத்தார். காலிதீன் மட்டும் நனைந்தபடி, மேகத்தில் ஒரு கீறல் விட்டிருந்த மேற்கையே பார்த்து நின்றான். அவன் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மழையைத் திட்டுகிறான் என்று நினைத்தார்.

"என்னடா, என்னவும் தெரியுதா?"

"ஒண்டும் இல்ல. வாங்க, போவம்." அவன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான்.

றோட்டில் குடையோடு நின்ற பள்ளிப் பெரியவர் ஒருவர் அவனை மறித்தார். "என்ன காலிதீன்?"

"மேகம்தான்."

"உன்ட கண்ணுக்கே தெரியல்லயெண்டா வேற ஆர்ர கண்ணுக்குத் தெரியப் போகுது!"

கடைக்கு வந்து சேர்ந்த பின்பும் ஷரிபுதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறெந்த ஊரிலாவது வானம் திறந்திருந்தால்? மெசின் மிதியில் கால் தானாக ஆடியது. கடைசியில் வானொலி கரகரத்தது. நாட்டின் எந்தப் பகுதியிலும் தலைப்பிறை தென்படவில்லை. நாளையும் நோன்பு.

தெருவில் சிறுவர்கள் "சீச்சீ!" என்று கத்தினார்கள். கடைக்குள்ளே ஷரிபுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லாஹ் என்ட சத்தியத்தக் காப்பாத்திட்டான், காலிதீன்."

காலிதீன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தவறியது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மெசின் ஓயவில்லை. மேகம் இருந்த இடத்தில் வெயில் கொளுத்தியது. நாக்கு ஒட்ட ஒட்ட ஷரிபுதீன் மிதித்தார். நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்பே சபியா உம்மாவின் கையில் உடுப்புப் பொதி இருந்தது. பிரித்துப் பார்த்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வல்லாஹி எண்டு சொன்னன்தானே ராத்தா," என்றார் ஷரிபுதீன் பெருமையாக.

அடுத்த சேட்டுக்குப் பொத்தான் கட்ட ஆளைத் தேடினால் மூலை காலி. பின்பக்கம் இல்லை. பள்ளியிலும் இல்லை. நேசரட்ணத்தின் கடைக்குள் நுழைந்தார். நேசரட்ணம் உள்ளே கையைக் காட்டினார்.

சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால், தலையை அண்ணாந்து போத்தலைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான் காலிதீன்.

"அடப்பாவி!" ஷரிபுதீன் கத்தினார். "ஊரே வாய் காய்ஞ்சு கிடக்கு. மாசம் முழுக்கப் புடிச்சுப்போட்டு, கடைசி நோன்ப ஒரு சோடாவுக்காக நாசமாக்கிட்டியே!"

காலிதீன் போத்தலை மெல்லக் கீழே வைத்தான். தாகம் தீர்ந்தவனின் முகமாக அது இல்லை.

"பெருநாளண்டைக்கு நோன்பு புடிக்கிறது ஹறாம், மச்சான்."