நாற்பத்தொன்றாம் எண் ஜெர்சி

ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப் ஒன்றின் உடைமாற்றும் அறையில், நாற்பத்தொன்றாம் எண் ஜெர்சி கொக்கியில் தொங்கியபடி கனவு கண்டுகொண்டிருந்தது. அதன்மேல் புல்கறை பட்டதே இல்லை. கனவில் மட்டும் முட்டை வடிவப் பந்து ஒன்று மேகம் மாதிரி மிதந்து வந்து அதன் நெஞ்சில் உட்காரும்.

பக்கத்துக் கொக்கியில் ஐந்தாம் எண். அது பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம், "பத்திரமா போயிட்டு வாங்கண்ணே" என்று நாற்பத்தொன்று தேன் ஒழுகச் சொல்லும். சொல்லிவிட்டு அதன் தோளையே பார்க்கும்.

சீசன் தொடங்கவே இல்லை, அதற்குள் ஒருநாள் ஐந்தாம் எண் இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. போட்டிருந்தவனுக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டதாம். கழற்ற முடியாமல் கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

"வலிச்சுதாண்ணே?"

"எனக்கென்ன, அவன்தான் அலறினான். இனிமே நீதான் போகணும்."

மறுநாள் காலை ஒரு கை நாற்பத்தொன்றை எடுத்தது. கதவுக்கு வெளியே வெயிலில் நான்கு வெள்ளைக் கோல் கம்பங்கள், கனவில் வந்த பந்து மாதிரியே மிதந்துகொண்டிருந்தன.

ஐந்து தொங்கிய கொக்கியில் இப்போது பிளாஸ்டிக் வாசம் போகாத புது ஜெர்சி ஒன்று. அது தேன் ஒழுகச் சொன்னது:

"பத்திரமா போயிட்டு வாங்கண்ணே."

நாற்பத்தொன்றுக்குத் தோள் கூசியது.