ஏறி வரும் சிப்

"மறுபடியும் செத்துப்போச்சுய்யா, ஹதானகா!"

துணி மூட்டையை மேஜை மேல் வைத்து அவிழ்த்தார் இசோபே. உள்ளே அவருடைய கம்ப்யூட்டர். நாற்பது வருஷத்துக்கு முந்தையது, கேம் ஆடுவதற்கென்றே வந்த மாடல். உடம்பு ஒரு மெஷினுடையது, கீபோர்டு இன்னொன்றுடையது. எல்லாமே இந்தக் கடையின் கழிசல் கூடைகளில் பொறுக்கியவை. மஞ்சள் பூத்திருந்த உடம்பை வெளுக்க, மனைவியின் ஹேர் பிளீச்சைப் பூசி பால்கனி வெயிலில் காயவைத்திருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், சொந்தமாகக் கட்டிய ரயில் இது. ஒரு ஸ்டேஷன் ஓடினால் மறு ஸ்டேஷனில் நின்றுவிடும்.

ஹதானகாவின் கடை ஒசாகாவில், நிப்பொன்பாஷி சந்து ஒன்றில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் சாமான் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒரு முறை உள்ளே நுழைந்த பூனை, வெளியே வழி கண்டுபிடித்தபோது நான்கு குட்டிகளோடு வந்தது.

"நேத்து கேம்ல என் விண்கலம் ஏழாவது கிரகத்தைத் தாண்டிச்சு. இன்னிக்குக் காலையில சுவிட்சைப் போட்டா வெறும் கறுப்புத் திரை" என்றார் இசோபே. "புதன்கிழமை பெரிய சாமான் அள்ளற குப்பை வண்டி வருது. அதுக்குள்ள ஓடலைன்னா வாசல்ல வச்சிடுவேன்னு என் வீட்டுக்காரி கிமியே சொல்லிட்டா. ஸ்டிக்கரே ஒட்டிட்டா, பாரு."

மெஷினின் நெற்றியில், 'எடுத்துச் செல்லவும்' என்று நகராட்சியின் குப்பை ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது.

ஹதானகா மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். பெரிய சிப் ஒன்று, கூட்டத்தில் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஆள் மாதிரி, சாக்கெட்டில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"மறுபடியும் இதேதான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிடும். பழைய சிப்புக்கெல்லாம் உள்ள வியாதி."

"ஒரே ராத்திரியிலயா?"

"இதுவாவது ராத்திரி. மூலையில கிடக்கே என் மெஷின், கடை திறந்த நாள்லேர்ந்து பார்க்கறேன். காலையில அமுக்கினா சாயங்காலம் ஏறி நிக்குது." ஹதானகா சிப்புக்கு அருகே குனிந்தார். "என்னய்யா, தகோயாக்கி சாஸ் வாசம் அடிக்குது?"

"ஒசாகாவுல தெருவுக்குத் தெரு அந்த ஆக்டோபஸ் உருண்டைதானே சுடறான், எதுலதான் அடிக்கல?"

அப்போது ஹதானகாவின் மனைவி தசுகோ மதியச் சாப்பாட்டோடு வந்தாள். டப்பாவை வைத்துவிட்டு, வழக்கம்போல் துடைப்பத்தை எடுத்தாள்.

"பாவம், இதுங்களோட மாரடிக்கிறதே உங்க ரெண்டு பேருக்கும் பொழைப்பாப் போச்சு."

"இன்னியோட முடிஞ்சுது" என்றார் ஹதானகா. "சாக்கெட்டைப் பிடுங்கிட்டு, சிப்பை நேரா போர்டுலயே பற்றவச்சிடறேன். பூகம்பமே வந்தாலும் அசையாது."

ஈயப்புகை எழுந்தது. வேலை முடிந்து சுவிட்சைப் போட்டதும் திரையில் விண்கலம் பாய்ந்தது. இசோபே மூக்கை உறிஞ்சினார். ஸ்டிக்கரைக் கிழித்துச் சுருட்டி பையில் போட்டுக்கொண்டார்.

"பிழைச்சுது! இனிமே ரிப்பேரே கிடையாது. இத்தனை நாள் கிமியேயைத் தனியா விட்டதுக்கு ஈடு கட்டப்போறேன். அவ கடைக்குப் போனா நானும் போவேன். ஹூலா டான்ஸ் வகுப்புக்குப் போனா அங்கேயும் போவேன்."

தசுகோவின் துடைப்பம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

இரண்டு நாள் கழித்து, கடை திறந்ததும் திறக்காததுமாகக் கிமியே வந்து நின்றாள். கையில் ஒரு பலகாரப் பெட்டி. முகத்தில் பலகாரக் களை இல்லை.

"வாங்கம்மா" என்றார் ஹதானகா பயந்துகொண்டே. "மெஷின் நல்லா ஓடுதில்ல? தயவுசெஞ்சு குப்பையில மட்டும்..."

"யாரு உங்களைச் சரி பண்ணச் சொன்னது?"

கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தாள். தகோயாக்கி உருண்டையைத் திருப்பிப் போடும் ஊசி. வில் மாதிரி வளைந்திருந்தது.

"இத்தனை நாளும் இதால லேசா நெம்பினா சிப் மேல வந்துடும். நேத்து என்னடான்னா ஊசி வளைஞ்சதுதான் மிச்சம்."

ஹதானகாவுக்கு விஷயம் புரிய ஒரு மிடறு தேநீர் தேவைப்பட்டது.

"அப்ப அந்த ஸ்டிக்கர்?"

"பயம் இருந்தாத்தானே மனுஷர் தலை நிமிராம ரிப்பேர் பார்ப்பாரு? இப்ப ஈர இலை செருப்புல ஒட்டின மாதிரி பின்னாடியே வர்றாரு. குளிக்கப் போனா கதவுக்கு வெளியே நின்னு, 'இன்னும் ஆகலையா'ங்கறாரு. இன்னிக்கு ஹூலா வகுப்புக்குப் பாவாடை எடுத்துக்கிட்டேன், தனக்கும் ஒண்ணு இருக்கான்னு கேக்கறாரு! ஹதானகா-சான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தச் சாக்கெட்டைத் திரும்பப் போட்டுக் குடுங்க."

ஹதானகா சிரிக்க ஆரம்பித்தார். மேலே இருந்த கீபோர்டு ஒன்று சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தார்.

"பாவம் இசோபே! சிப் தானா ஏறுதுன்னு நம்பிட்டிருந்தான். யாரும்மா இந்த வித்தையைச் சொல்லிக் குடுத்தது?"

"ஹூலா வகுப்புல என் பக்கத்துல ஆடுறவங்க. பேரு சொல்ல மாட்டேன். அவங்க வீட்டுக்காரரும் வருஷக்கணக்கா ஒரே மெஷினோட மல்லுக்கட்டிட்டிருக்காராம். இவங்க மத்தியானம் சாப்பாடு கொண்டு போய் வச்சிட்டு, பெருக்கற சாக்குல..."

கிமியே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹதானகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து மூலைக்குப் போனவர், தன் மெஷினில் ஏறி நின்ற சிப்பின் மேல் குனிந்து மூக்கை வைத்தார்.

சாஸ் வாசம் கமகமவென்று அடித்தது.