பூட்டு சாரின் பழைய சாவி

“திருட்டு ராஸ்கல்! எங்க சாவி உன் கைக்கு எப்படிடா வந்துச்சு?” என்று பூட்டு சார் ஃபோனில் போட்ட சத்தத்தில், பக்கத்து மேஜைக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“நான் எடுக்கல சார். உங்க வெப்சைட்ல அதுவா தொங்கிட்டு இருக்கு” என்றது மறுமுனையில் ஒரு நிதானமான குரல். “பக்கத்துக்குப் பின்னால இருக்கிற புரோகிராம் கோடைத் திறந்தா முதல் வரியிலேயே கிடக்கு. எவன் கண்ணுலயாவது பட்டா ஊர் ஜனத்தோட விவரமெல்லாம் போச்சு. என்னோடதும் அதுக்குள்ளதான் இருக்கு. அந்த அக்கறையிலதான் கூப்பிட்டேன்.”

அந்தக் குரலுக்குப் பின்னால் ‘கொய்ங்ங்’ என்று ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டு ஓடியது. பயல் எங்கோ பட்டறையில் பதுங்கிக்கொண்டு பேசுகிறான் என்று பூட்டு சார் முடிவே கட்டிவிட்டார்.

“அக்கறையாம் அக்கறை! எவ்வளவு கறக்கலாம்னு பாக்குறியா? மரியாதையா அதை அழிச்சிடு. இல்லேன்னா கம்பி எண்ண வச்சிருவேன்!”

“அழிக்கிறேன் சார். ஆனா முதல்ல நீங்க…”

பூட்டு சார் லைனைத் துண்டித்தார். திருடனிடமெல்லாம் அவர் பாடம் கேட்பதில்லை.

அந்த அலுவலகம் பல் மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. யாருக்கு எந்தப் பல், என்ன வைத்தியம் என்பதையெல்லாம் வேறு யாருக்கும் புரியாதபடி பூட்டித்தான் சேமிப்பார்கள். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, கன்னாபின்னாவென்று நீளும் ஒரு எழுத்து வரிசை.

‘சாவியைக் கோடில் வைக்காதே’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவர் பூட்டு சார்தான். பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். ஏதோ ஒரு அவசரத்துக்கு அதே சாவியைக் கோடில் வைத்துவிட்டு, ‘நாளைக்கு எடுத்துக்கலாம்’ என்று மறந்துபோன புண்ணியவானும் அவரேதான்.

முதலாளி அவருக்கு அக்கா புருஷன். “இன்னொரு தப்பு நடந்துச்சு, நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான் மாப்ளே” என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார். போக வேண்டிய அந்த வீடும் அக்கா வீடுதான்.

மாமா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்தாக வேண்டும். பூட்டு சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார். புதுச் சாவி ஒன்றை உருவாக்கி, இந்தத் தடவை ஒழுங்காக, சாவிகளுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டகத்தில் வைத்தார். பழையதைத் தேடித் தேடி ஒழித்தார். கோடில் இருந்தது, கோடின் பழைய பிரதிகளில் இருந்தது, ஆளாளுக்குத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தது, பேக்கப்பில் இருந்தது, எதையும் விடவில்லை.

“சார், ஒரு சந்தேகம்” என்று, சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் எழுந்து நின்றாள். “ஏற்கெனவே பழைய சாவியால பூட்டி வச்சதை எல்லாம்…”

“ஏம்மா, தலை போற நேரத்துலதான் உனக்குச் சந்தேகம் வருமா? பழைய சாவியோட வாசனைகூட இந்த ஆபீஸ்ல இருக்கக் கூடாது. உன் கம்ப்யூட்டர்லயும் அழி!”

அவள் அழித்தாள்.

பூட்டு சார் நாற்காலியில் சாய்ந்தார். பெருமை தாங்கவில்லை. “இனிமே அந்தத் திருடன் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது” என்று சொல்லி எல்லோருக்கும் தன் செலவில் காபி சொன்னார். அப்படி ஒன்று அந்த அலுவலகத்தில் அதுவரை நடந்ததில்லை.

காபி வருவதற்குள் மேஜை ஃபோன் அடித்தது. ஒரு பல் மருத்துவமனையிலிருந்து நர்ஸ்.

“சார், உங்க சாஃப்ட்வேருக்கு என்ன கேடு வந்துச்சு? எந்த பேஷன்ட்டைத் திறந்தாலும் கிறுக்கல் கிறுக்கலா வருது. எக்ஸ்ரேகூட வரல. இங்க ஒருத்தருக்கு வலது பக்கம் கீழ ஊசி போட்டு உட்கார வச்சிருக்கோம். அந்தப் பக்கம் மூணு பல்லு சொத்தை, பிடுங்க வேண்டியது ஒண்ணுதான். எதுன்னு பெரிய டாக்டர் உங்க சாஃப்ட்வேர்லதான் குறிச்சு வச்சுட்டு வெளியூர் போயிட்டாரு, ஃபோனும் கிடைக்கல. சின்ன டாக்டர் இடுக்கியும் கையுமா நிக்கிறாரு!”

“பேஷன்ட்டையே கேளுங்களேன்!”

“வாய் மரத்துப்போச்சு, உள்ள பஞ்சு வேற. ‘ஆ, ஊ’ங்கிறாரு. கையால காட்டச் சொன்னா மூணையும் காட்டுறாரு.”

பூட்டு சார் மெதுவாகத் திரும்பி டெஸ்டர் பெண்ணைப் பார்த்தார்.

“அதைத்தான் சார் கேக்க வந்தேன்” என்றாள் அவள். “எல்லாத்தையும் பழைய சாவியால திறந்து, புதுசால மறுபடி பூட்டிட்டு, அப்புறம்தானே பழசை அழிக்கணும்? இப்ப நம்மளாலயே ஒண்ணையும் திறக்க முடியாது.”

அத்தனை மருத்துவமனை, அத்தனை வாய், அத்தனை பல். அக்கா முகமும், அதற்குப் பின்னால் மாமா முகமும் பூட்டு சாரின் கண்முன் வந்து நின்றன. அந்தச் சாவி இன்னும் உலகத்தில் மிச்சம் இருந்தால், அது ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்.

நர்ஸை ஸ்பீக்கரில் காத்திருக்க வைத்துவிட்டு, அந்த ஆள் கூப்பிட்ட எண்ணைத் தன் செல்ஃபோனில் தேடிப் போட்டார். ‘கடவுளே, அந்த மனுஷன் அழிச்சிருக்கக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டார். ‘அண்ணே’ என்று ஆரம்பிப்பதா, ‘ஐயா’ என்றே ஆரம்பித்துவிடுவதா என்று உதட்டுக்குள் ஒத்திகையும் நடந்தது.

மறுமுனையில் ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள் ஸ்பீக்கரில் நர்ஸ். “ஊசி போட்டு உட்கார வச்சிருக்கிறவரோட ஃபோன் விடாம அடிக்குது.”