பஞ்சு நனைந்த நாள்

பஞ்சு என்ற பூனையைப் பார்த்தவர்களெல்லாம், "என்னமா கொழுகொழுன்னு இருக்கு!" என்றார்கள். வீட்டுக்காரி செண்பகமும் அதை நம்பினாள். ஒட்டிப் படுக்கும் நாய் செவலைக்குத்தான், அந்த அடர்ந்த முடிக்குள்ளிருந்து விலா எலும்பு குத்தியது.

"பல்வலியில நீ சாப்பிடுறதே இல்ல. செண்பகத்துக்குத் தெரியணும்" என்றது செவலை.

"எல்லாரும் அழகுங்கிறாங்க. கெடுத்துடாத" என்ற பஞ்சு, வழக்கம்போலத் தன் மீனைச் செவலையிடம் தள்ளியது.

செவலை அன்று மீனைத் தொடவில்லை. பஞ்சுவைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டது.

முடி ஒட்டிப்போய்ப் பாதிப் பூனைதான் வெளியே வந்தது. ஓடிவந்து விலாவைத் தடவிய செண்பகம், கால்நடை மருத்துவரிடம் போகக் கூடையை எடுத்தாள்.

"இனிமே யாரு என்னை அழகுன்னு சொல்லுவாங்க?" என்று சீறியது பஞ்சு.

"சொல்லுவாங்க. கேக்குறதுக்கு நீ இருக்கணும்" என்றது செவலை.