பதில் சொல்லாத சக்கரம்

“இன்னாமா இது, ஒரு வீலுக்கு மட்டும் இத்தினி எலுமிச்சம்பழமா?” முன்பக்க இடது டயரில் அப்பிக்கிடந்த காய்ந்த தோல்களை நோண்டி எடுத்தபடி கேட்டார் டயர் கடையில் வேலை பார்க்கும் ரத்தினம். “மத்த மூணு வீலும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

மிருதுளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தச் சக்கரத்துலதான் ஏதோ இருக்குன்னு எங்காத்துக்காரர் சொல்றார். அதுக்கு அடியில பழம் வைக்காம வண்டியையே எடுக்க மாட்டார்,” என்றாள்.

அவள் கணவர் அனந்தகிருஷ்ணன் பிசிக்ஸ் வாத்தியார். ராகு காலம் என்றாலே கிண்டலடித்த மனிதர், ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்குவதில்லை. எல்லாம் காரின் டேஷ்போர்டில் விடாமல் எரியும் ஒரு மஞ்சள் விளக்கால் வந்த வினை. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். ஒட்டிய பிறகும் அது எரிவது தனக்குத் தெரிகிறது என்றார். மெக்கானிக் யாரையும் வண்டியைத் தொடவும் விடுவதில்லை.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? அவர் வெளியூர் போன சமயம் பார்த்து மிருதுளா குரோம்பேட்டையிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பெருங்களத்தூரில் யாரோ சொன்ன மெக்கானிக்கைத் தேடிப் போனவளுக்கு, வழியில் இரும்புலியூரில் ‘டயர் சென்சார் சோதனை இலவசம்’ என்ற போர்டு கண்ணில் பட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

கடைக்காரி ஷீலா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்ஜினியரிங் படித்துவிட்டு நல்ல கம்பெனியில் இருந்தவளாம். வேலையை உதறிவிட்டு இந்தக் கடையைப் போட்டிருக்கிறாள்.

“நிஜமாவே இலவசமா?”

“எல்லாருக்கும் இல்லக்கா. இந்த மாடல் காருக்கு மட்டும்தான்.”

“எனக்குன்னே எழுதி வெச்சா மாதிரின்னா இருக்கு!”

ஷீலா காருக்குள் உட்கார்ந்து டேப்பை உரித்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் காரின் படம். மூன்று சக்கரங்களுக்கு நேரே காற்றின் அளவு தெரிந்தது. நான்காவதற்கு நேரே வெறும் இரண்டு கோடுகள்.

“ஒவ்வொரு டயருக்குள்ளயும் வால்வோட சேர்ந்து ஒரு சென்சார் இருக்கும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். காத்து எவ்ளோ இருக்குன்னு அது காருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்.” ஷீலா அந்த இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். “இந்த வீல்ல சென்சாரே இல்ல. கார் மட்டும் அந்தப் பழைய சென்சாரை இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பதில் சொல்லத்தான் அங்க ஆளில்ல.”

மிருதுளா காருக்குள் எட்டிப் பார்த்தாள். “அவரும் தூக்கத்துல அதைத்தான் பெனாத்தறார். ‘கூப்பிடறான், கூப்பிடறான்’னு.”

“பழைய வீல் எங்கக்கா?”

“யாருக்குத் தெரியும்? போன ஐப்பசி மழையில டயர் வெடிச்சுப் போச்சு. ஆத்துல ஃப்யூஸ் போனாக்கூட ஆளைக் கூப்பிடற மனுஷர், அன்னிக்கு நனைஞ்சுண்டே தானே ஸ்டெப்னி மாத்திண்டு வந்தார். மறுநாளே புது வீலும் வாங்கிட்டார். பழசு என்ன ஆச்சுன்னு கேட்டா எரிஞ்சு விழறார்.”

ஷீலா ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகினாள். கார் தன் நினைவில் வைத்திருந்த சென்சார் நம்பர்கள் அதன் திரையில் வரிசையாக வந்தன. முதல் மூன்றையும் வாய்விட்டுப் படித்தாள். நான்காவதைப் படிக்கவில்லை.

“இன்னா ஷீலா, புது சென்சார் எடுத்தாரட்டா?” என்றார் ரத்தினம்.

“வேணாம்ணா. கொஞ்சம் இருங்க.”

மிருதுளா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “ஷீலா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புதுசைப் போட்டுட்டு அந்தப் பழைய நம்பரை அழிச்சுடுங்கோ. அவர் ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்கணும். இப்படியே போனா மனுஷர் எனக்குத் தங்க மாட்டார்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஷீலா எழுந்து கடைக்குள் போனாள். சுவரில் இருந்த சிலுவைக்குக் கீழே ஒரு டப்பாவைத் திறந்து, சின்னதாக, கறுப்பாக எதையோ எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் தேய்ந்து, முனையில் உடைந்த வால்வோடு இருந்தது அது. இடது சக்கரத்தின் அருகே அதைப் பிடித்துக்கொண்டு, காரிலிருந்து கழற்றி எடுத்த கருவியின் பட்டனை அழுத்தினாள்.

காரின் படத்தில் இரண்டு கோடுகளும் மறைந்தன. அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் வந்து நின்றது.

“பதில் வந்துடுத்து!” மிருதுளா கையெடுத்துக் கும்பிட்டாள். “புதுசு என்னமா வேலை செய்யறது!”

“புதுசு இல்லக்கா. இது உங்க காரோட பழைய சென்சார்.”

“எங்களோடதா? அது எப்படி உங்க கைக்கு வந்தது?”

ரத்தினம் கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார். ஷீலா நிமிர்ந்து மிருதுளாவின் முகத்தைப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரர் அடிபட்டுச் செத்த எடத்துல கெடந்துச்சுக்கா.”