நிரம்பிய படுக்கைகள்

"ஒரு தும்மல் தும்மியிருந்தாக்கூடப் புரிஞ்சிருப்போமே மச்சான். வாயைத் தைச்சா வச்சிருந்தே?"

செருப்பைக் கழற்றும் முன்பே அத்தான் ஆரம்பித்துவிட்டார். கையில் நாலாக மடித்த செய்தித்தாள், வியர்வையில் ஊறிப்போயிருந்தது. அவர் பின்னாலேயே வந்த அக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தம்பி கதவைச் சாத்தினான். பங்குச் சந்தையில் பெயர் வாங்கிய ஒரு ஆஸ்பத்திரி கம்பெனிக்கு அவன் தலைமைக் கணக்கு அதிகாரி. அந்தக் கம்பெனியின் காலாண்டு அறிக்கைதான் அந்தத் தாளில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. அடியில் அவன் பெயரும் இருந்தது.

"உட்காருங்க அத்தான். முதல்ல தண்ணி குடிங்க."

"வேண்டாம். எங்க வீட்டுக் கனவுக்குத்தான் நீ தண்ணி தெளிச்சு விட்டுட்டியே."

அக்காவிடம் இரண்டாயிரம் ஷேர் இருந்தது. தம்பி வேலை பார்க்கிற கம்பெனி என்ற பெருமையில், ஓவர்டைம் பணத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பன்னிரண்டு வருடமாக வாங்கியது. சொந்த வீட்டுக்கு முன்பணமாக அதைத்தான் நம்பியிருந்தார்கள். அறிக்கை வெளியாவதற்கு நான்கு நாள் முன்னால், புருஷனைக்கூடக் கேட்காமல் அவ்வளவையும் அவள் விற்றுத் தொலைத்தாள். அறிக்கை வந்த அன்றைக்கே விலை கிடுகிடுவென்று ஏறியது. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

"ஏன்டி வித்தேன்னு கேட்டா 'தோணுச்சு, வித்தேன்'ங்கறா. இவளை விடு, உனக்கு எங்கே போச்சு புத்தி? லாபம் வரப்போகுதுன்னு உனக்குத் தெரியும். நாங்க வீடு தேடி அலையுறதும் தெரியும். 'அவசரப்படாதே அக்கா'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

"அந்த ரெண்டு வார்த்தைக்கு ரெண்டு வருஷம் உள்ளே இருக்கணும் அத்தான்." தம்பியின் குரலும் ஏறியது. "அறிக்கை வெளியே வர்ற வரைக்கும் ஒரு நம்பர் வெளியே போகக் கூடாது. என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொல்றதில்லை."

"பெரிய அரிச்சந்திரன்."

"அப்படியே வச்சுக்குங்க. பதினெட்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன்."

நியாயம் பேசுகிறவனோடு சண்டை போடுவதைப் போல எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. சட்டம் முழுக்கத் தம்பி பக்கம் இருந்தது. அத்தான் பக்கம் இருந்தது ஒரு வாடகை வீடும், அதன் ஒழுகுகிற குளியலறையும்தான். அவர் செய்தித்தாளை டீப்பாயில் ஓங்கி அடித்தார்.

"நீ ஆடிட்டர் படிப்பு படிச்ச நாலு வருஷமும் எங்க வீட்டு ஹால்லதான் படுத்துக் கிடந்தே. ராத்திரி லைட் போட்டுப் படிப்பே, நான் தலையணையை முகத்து மேல வச்சுக்கிட்டுத் தூங்குவேன். அப்போ நான் சட்டம் பேசினேனா? இப்போ அறிக்கை அமோகமா வந்திருக்கு, உனக்குப் போனஸ் வரும். எங்களுக்கு என்ன வரும், வீட்டுக்காரன் நோட்டீஸா?"

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தானோடு மேற்கொண்டு மல்லுக்கட்ட மனம் வராமல், அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"எனக்கு உன் மேலதான் ஆத்திரமா வருது அக்கா. உன்னை யாரு விக்கச் சொன்னது? இதைப் படி. நானூறு படுக்கை. மூணு மாசமும் நூத்துக்குத் தொண்ணூறு நிரம்பியிருக்கு. போன வருஷம் இதே சமயத்துல அறுபதுதான். இப்படி ஓடுற கம்பெனியோட ஷேரை யாராவது கைவிடுவாங்களா? கணக்குத் தெரியாதவங்க கையில ஷேர் இருந்தா இப்படித்தான் ஆகும்."

"அதைச் சொல்லு முதல்ல" என்று அத்தானே அவனோடு சேர்ந்துகொண்டார். "வாயைத் திறந்து பதில் சொல்லுடி."

அக்கா தாளைப் பிரித்தாள். கட்டம் கட்டமாக இருந்த எண்களில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறங்கி, ஒரு வரியில் நிறுத்தினாள்.

"தொண்ணூறா தம்பி?"

"தொண்ணூறு."

"மூணு மாசமுமா?"

"மூணு மாசமும். ஆடிட்டர் பாத்தாச்சு, போர்டு பாத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இப்போ நீ ஒருத்திதான் பாக்கி."

"அப்போ ஒரு நாளைக்கு முந்நூத்தறுபது பேர் படுத்திருந்தாங்க."

"ஆமா. பெருக்கல் நல்லா வருதே உனக்கு. இந்தப் பெருக்கலை விக்கிறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்."

அக்கா தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இந்த வருஷத்துல இருந்து உங்க ஆஸ்பத்திரியோட படுக்கை விரிப்பு மொத்தமும் நான் வேலை பாக்குற லாண்டரிக்குத்தான் வருது. லாரியில இருந்து எண்ணி இறக்குறது நான்தான். படுக்கைக்குத் தினம் ஒண்ணு மாத்துறீங்க. மூணு மாசத்துல ஒரு நாள்கூட இருநூறு தாண்டல. ஐயோ, தம்பி கம்பெனியில கூட்டமே இல்லையேன்னு பயந்துதான் வித்தேன்" என்றாள் அக்கா. "இல்லாத நூத்தறுபது நோயாளியைக் கூசாம படுக்க வச்சியே, ஆளுக்கொரு விரிப்பு போடணும்னு உனக்குத் தோணலையாடா?"